“விடு சார், பேசி முடிச்சுக்கலாம்”: சின்ன கார் விபத்தும் தெருப் பஞ்சாயத்தும்

சனிக்கிழமை சாயங்காலம் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) காரில் போய்க்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஓர் அம்மா கையைத் தூக்கியதைப் பார்த்ததும் முன்னால் போன ஷேர் ஆட்டோ நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டது. நான் பிரேக் அடித்து நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த மீன்பாடி வண்டியால் நிறுத்த முடியவில்லை. ‘டொம்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் பம்பர் ஒரு பக்கம் கிளிப் கழன்று தொங்குகிறது, நம்பர் பிளேட் விளக்கு உடைந்திருக்கிறது, டிக்கி மேலெல்லாம் ஐஸ் தண்ணீர். காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றி வந்த வண்டி. ஓட்டியவருக்கு அறுபது வயதிருக்கும்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். டீக்கடை வாசலில் கிளாஸும் கையுமாக நின்ற ஒருவர் நீதிபதி ஆகிவிட்டார். “இன்னா சார், பெரிய அடி ஒண்ணும் இல்லையே. பெரியவரு பாவம். விடு சார், பேசி முடிச்சுக்கலாம்.” பெரியவர் சட்டைப் பையிலிருந்து மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார். மூன்றும் ஈரம்.

நான் வாங்கவில்லை. பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் வேறு வழியும் இல்லை. மீன்பாடி என்பது மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய பைக் எஞ்சினை மாட்டி ஓட்டுவது. நம்பர் பிளேட் கிடையாது, ஆர்.சி. கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. யார் மேல் கிளெய்ம் போடுவது? பெரியவர் மூன்று தாளையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டார், டீக்கடைக்காரர் எனக்கு ஒரு டீ போட்டார், விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

இந்தத் தெருப் பஞ்சாயத்தைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. மின்ட், மூலக்கடை, எம்.சி. ரோடு என்று எங்கே வண்டி உரசினாலும் கேட்காமலே நாலு பேர் வந்து நிற்பார்கள். ரோட்டையும் சீக்கிரம் திறந்துவிடுவார்கள். ஆனால் அவர்களால் தீர்க்க முடிகிற வழக்கு ஒரு வகைதான்: தகடு, பிளாஸ்டிக், கண்ணாடி. மனிதர் உடம்பில் பட்டுவிட்டால் அந்தக் கூட்டத்துக்கு அதிகாரமே இல்லை. எந்த இடத்தில் பஞ்சாயத்தை நம்பலாம், எந்த இடத்தில் “மன்னிச்சுக்கோங்க, நான் ஸ்டேஷனுக்குப் போறேன்” என்று சொல்ல வேண்டும் என்பது தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில், இவ்வளவு சட்டமும் இன்சூரன்ஸும் இருக்கும்போது தெருவில் ஏன் பேரம் நடக்கிறது? “இடிச்சது அவன். அப்போ அவனோட இன்சூரன்ஸ்தானே எனக்குத் தரணும்?” என்று எல்லாரும் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது. எடுத்தால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி மாட்டினால் 4,000. சிறையும் உண்டு. அந்தக் காப்பீட்டில் அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதமும் அடங்கும். தனியார் காருக்கு வழக்கமாக ஏழரை லட்சம் ரூபாய் வரை.

ஆனால் அந்தப் பணத்தைக் கையில் வாங்கும் வழி நீளமானது. தவறு அவர் மேல்தான் என்று நிறுவ வேண்டும். அதற்கு வழக்குப் பதிவு வேண்டும். பிறகு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நடக்கிறது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலில் வந்தது. ஒன்பதாயிரம் ரூபாய் பம்பருக்காக யார் வக்கீல் வைத்துப் பாரிமுனைக்கு அலைவார்கள்? ஆகவே சின்ன இடிக்கு மிச்சமிருப்பது மூன்று வழிதான்: உங்கள் சொந்த பாலிசியில் கிளெய்ம், உங்கள் சொந்தப் பை, இல்லாவிட்டால் எதிராளி அங்கேயே தரும் பணம். டீக்கடைக்காரர் நீதிபதி ஆவதன் காரணம் இதுதான்.

சரி, இறங்கியதும் செய்ய வேண்டியதற்கு வருவோம். ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். முதல் கேள்வி யார் மேல் தவறு என்பதாக இருக்கக் கூடாது. யாருக்காவது அடிபட்டதா என்று பாருங்கள். பைக்கில் இருந்து விழுந்தவர் எழுந்து நின்று “ஒண்ணுமில்ல சார்” என்று சொன்னாலும் நம்பாதீர்கள். விழுந்த பதற்றத்தில் வலி தெரியாது. மணிக்கட்டை ஊன்றி விழுந்தவருக்கு வீக்கம் ராத்திரிதான் தெரியும்.

எங்கள் தெருவில் ஒருவர். மூலக்கடை சிக்னல் தாண்டித் திரும்பும்போது அவர் கார் மேல் ஒரு பைக் பையன் லேசாக உரசி விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு. கூட்டம் கூடியது, வழக்கமான வசனம். இவர் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து “மருந்து போட்டுக்கோப்பா” என்று அனுப்பிவிட்டு வந்துவிட்டார். பையன் பெயர் தெரியாது, பைக் நம்பர் தெரியாது, ஒரு போட்டோகூட இல்லை. மூன்றாம் நாள் போலீஸிடமிருந்து போன். மணிக்கட்டில் எலும்பு விரிசல். இடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக்கூட அழைத்துப் போகவில்லை என்று புகார். அங்கே போனதும் இவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: “தப்பு உங்க மேல இல்லைன்னா ஏன் சார் காசு குடுத்தீங்க?”

அந்தப் பையன் ஏமாற்றினான் என்று அவர் இன்றும் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எலும்பு விரிசல் நிஜம். மூன்று நாள் வேலைக்குப் போகாத இளைஞனுக்கு ஐந்நூறு ரூபாய் எந்த மூலைக்கு? தவறு நடந்தது முதல் அரை மணி நேரத்தில்.

சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவுப்படி, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. போலீஸ் அங்கே இல்லையென்றால் அருகில் உள்ள நிலையத்துக்குச் சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். பாலிசி எண், விபத்து நடந்த நேரம், இடம், அடிபட்டவர் விவரம் இவற்றை எழுத்தில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். கூட்டம் அடிக்க வரும் என்ற நியாயமான பயம் இருந்தால் அங்கே நிற்காமல் நகர்ந்துகொள்ளலாம், அதையும் அதே பிரிவு ஏற்கிறது. ஆனால் நேரே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், வீட்டுக்கு அல்ல.

வடசென்னையில் அடிபட்டவரை அழைத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைதான். நடக்க முடியாதவரைக் காரில் திணிக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். வக்கீல்கள் வாயில் அது ‘ஏ.ஆர். காப்பி’. எத்தனை மணிக்கு வந்தார், எங்கே அடி, எந்த வண்டி, எப்படி நடந்தது என்று அடிபட்டவரே சொல்வது அதில் ஏறும். பின்னாளில் வழக்கு எந்தப் பக்கம் போனாலும் முதல் நாள் எழுதிய அந்த நாலு வரிக்கு இருக்கும் எடை, ஆறு மாதம் கழித்துச் சொல்லும் கதைக்கு இருக்காது. நீங்கள் கூடவே நின்று அழைத்துப் போனீர்கள் என்பதும் அதில் தெரியும். செலவைப் பற்றி அடிபட்டவர் பயந்தால் இதைச் சொல்லுங்கள்: 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு.

அடிபட்டிருந்தால் வழக்கு பதிவாகலாம். கவனக்குறைவாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, காயத்துக்கு 125. 2024 ஜூலைக்கு முன்பு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, 337, 338 என்று நாம் கேட்டுப் பழகிய எண்கள்தான் இப்படி மாறியிருக்கின்றன. 281க்கு அதிகபட்சம் ஆறு மாதம் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம். எஃப்.ஐ.ஆர். என்றதும் வியர்த்துக் கொட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். “வண்டியைப் புடிச்சு வெச்சுப்பாங்க” என்ற பயமும் பெரிது. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்க வேண்டியிருக்கும், உண்மை. ஆனால் அந்த வேலைகள் முடிந்தபின் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவு சொல்கிறது. பயந்து ஓடியவருக்கு வரும் தலைவலியோடு ஒப்பிட்டால் இது சின்னது.

யாருக்கும் அடியில்லை, ஆனால் எதிராளி தகராறு செய்கிறார் அல்லது சேதம் கொஞ்சம் பெரிது என்றால் சி.எஸ்.ஆர். வாங்கிவிடுங்கள். புகார் வந்தது என்று நிலையத்தில் பதிந்து எண் போட்டுத் தரும் ரசீது அது. எஃப்.ஐ.ஆர். இல்லை, வழக்கும் இல்லை. ஆனால் இந்தத் தேதியில், இந்த இடத்தில், இப்படி நடந்தது என்று நீங்கள் அன்றே சொன்னதற்கு அத்தாட்சி. மூலக்கடைக்காரர் இதைச் செய்திருந்தால் மூன்றாம் நாள் போன் வந்தபோது கையில் ஒரு தாள் இருந்திருக்கும். எந்த ஸ்டேஷன் என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம். சென்னையின் வடக்கே சில நிலையங்கள் 2022இல் உருவான ஆவடி ஆணையரகத்தின் கீழ் போய்விட்டன. 100க்குப் போன் செய்து இடத்தைச் சொன்னால் எந்த எல்லை என்று அவர்களே சொல்வார்கள்.

போட்டோ எடுப்பதில் நம்மவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். நசுங்கிய இடத்தைப் பத்துத் தடவை எடுப்பார்கள். அது எங்கேயும் போகப் போவதில்லை, நாளைக்கும் எடுக்கலாம். நகர்த்திய நிமிடத்தில் காணாமல் போவது இரண்டு வண்டியும் ரோட்டில் நின்ற நிலை. அதை எடுங்கள். பத்தடி தள்ளி நின்று, இரண்டு நம்பர் பிளேட்டும், சக்கரம் திரும்பியிருக்கும் பக்கமும், ரோட்டுக் கோடும், இடத்தைக் காட்டும் ஏதாவது ஒன்றும் விழும்படி. கடைப் பலகை போதும். திருவொற்றியூர் பக்கம் என்றால் மெட்ரோ தூண் இருக்கிறது. ஒரு முறை வீடியோ ஓடவிட்டு இரண்டு வண்டியையும் சுற்றி வந்தால் எல்லாம் அடங்கிவிடும். பிறகு வண்டியை ஓரம் கட்டுங்கள். பின்னால் 56 நம்பர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது ரோட்டு நடுவில் நின்று வாதாடினால், உங்கள் பக்கம் பேசவந்த கூட்டமும் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

எதிர் வண்டியின் எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் அதன் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று அங்கேயே தெரிந்துவிடும். எதிராளியின் குரல் எவ்வளவு உயரும் என்பதும் பல நேரம் அந்தத் தேதியைப் பொறுத்தே இருக்கிறது.

வடசென்னைக்கென்று ஒரு தனி விபத்து உண்டு: கன்டெய்னர் டிரெய்லர். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகம் பக்கம், மணலிச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீளமான டிரெய்லர் இடதுபக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்தச் சந்தில் மூக்கை நுழைத்த கார் அழுந்தும். ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு இடதுபக்கக் கீழ்ப்பகுதி தெரியாது. இருபது டன் இழுத்துப் போகிறவருக்கு உங்கள் கதவு நசுங்கியது பல நேரம் உறைக்கவே உறைக்காது. அவர் ‘இடிச்சுட்டு ஓடிட்டான்’ ஆகிவிடுவார். துரத்தாதீர்கள். எண்ணை மட்டும் பாருங்கள். அதிலும் பலர் தப்பான எண்ணை எழுதி வருவார்கள். பெட்டியில் பெரிதாக நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் இருப்பது கன்டெய்னரின் எண். அது இன்றைக்கு இந்த லாரியில், நாளைக்குக் கப்பலில். உங்களுக்கு வேண்டியது முன்னால் இழுக்கும் வண்டியின் பதிவு எண். பக்கத்துக் கடை கேமராவில் விழுந்திருக்கலாம், ஆனால் கடைக் கேமராக்களில் சில நாளில் பழைய பதிவு அழிந்து மேலே புதிது ஏறிவிடும். அன்றைக்கே கேளுங்கள்.

லாரி நின்றாலும் பேரம் ஓட்டுநரோடு வேண்டாம். சம்பளத்துக்கு ஓட்டுகிறவரிடம் என்ன இருக்கும்? ஓனரின் போன் எண், லைசென்ஸ் போட்டோ, இன்சூரன்ஸ் தாள் போட்டோ. அவ்வளவு போதும்.

இப்போது பணம். தெருவில் எதிராளி பணம் தந்தால் வாங்கலாமா? காயம் இல்லை, சேதம் கண்ணுக்குத் தெரிந்த அளவுதான் என்றால் வாங்கலாம். ஆனால் அதே சேதத்துக்குப் பிறகு இன்சூரன்ஸிலும் கிளெய்ம் போட்டால் கேள்வி வரும். நீங்கள் கொடுக்கும் பக்கம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ, தரவோ கூடாது. யாரும் படிக்காத பக்கத்தில் இருக்கும். “என் தப்புதான், செலவு எவ்ளோ ஆனாலும் பாத்துக்கறேன்” என்று ரோட்டில் சொல்வது மனிதத்தன்மை. பாலிசிப்படி அது சிக்கல். தண்ணீர் வாங்கிக் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தொகையைப் பற்றி மட்டும் வாயை விடாதீர்கள்.

பேசி முடித்தால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம், இரண்டு வண்டி எண், யாருக்கும் காயம் இல்லை, இவ்வளவு தொகை தரப்பட்டது, இரண்டு கையெழுத்து, டீக்கடைக்காரர் சாட்சி. பணத்தை ஜிபேயில் போட்டால் அதுவே ரசீது. “நாளைக்கு ஜிபே பண்றேன் சார்” என்பவரின் நாளை, என் அனுபவத்தில், வந்ததில்லை. காயம் பட்டவரிடம் இப்படி எழுதி வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். போலீஸுக்குத் தகவல் தரும் 24 மணி நேரக் கடமை அந்தத் தாளால் தீராது.

சொந்த பாலிசியில் கிளெய்ம் போடுவது லாபமா என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு வயது ஆன சின்ன கார். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் காப்பீடு) இல்லை. பம்பர் 8,000, கூலி 1,500, பெயின்டிங் 4,000, ஆக 13,500 ரூபாய். ஜி.எஸ்.டி.யை விட்டுவிடுவோம். பம்பர் பிளாஸ்டிக், ஆகவே தேய்மானம் பாதி: 4,000தான் வரும். பெயின்டிங்கில் கால்வாசியைப் பொருளின் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள்: 500 போய் 3,500. கூலி முழுசாக வரும். மொத்தம் 9,000. அதில் 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு வருவது 8,000.

எதிர்ப்பக்கம் என்ன போகிறது? இந்த ஆண்டு உங்களுக்கு 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த ஆண்டு 45, அதற்கடுத்து 50. போட்டால் அடுத்த ஆண்டு பூஜ்யம், பிறகு 20. போனஸ் கழிப்பதற்கு முன் சொந்தச் சேதப் பிரீமியம் 12,000, அது மாறவில்லை என்றால் முதல் ஆண்டு 5,400 ரூபாய், இரண்டாம் ஆண்டு 3,600 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். இரண்டே ஆண்டில் 9,000. வாங்கியது 8,000. பிரீமியம் குறைவான பழைய காருக்குக் கணக்கு வேறு மாதிரி வரும், ஜீரோ டெப் இருந்தாலும் மாறும், கதவும் ஃபெண்டரும் சேர்ந்து நசுங்கியிருந்தால் யோசிக்காமல் கிளெய்ம் போடலாம். வெறும் பம்பர் என்றால் வெளியே ஒரு டிங்கரிங் கடையில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கிளெய்ம் போடுவதாக இருந்தால் மட்டும் இன்சூரன்ஸ் சார்பில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்றக் கூடாது. நிறுவனத்துக்கு அன்றே தகவல் போய்விட வேண்டும்.

முன்பக்கம் இடித்திருந்தால் பானெட்டைத் திறந்து, வண்டிக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். பச்சையோ ரோஸோ சொட்டினால் கூலன்ட், கறுப்பாகச் சொட்டினால் ஆயில். ஏசி தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சொட்டும் வண்டியை “மாதவரம் வரைக்கும்தானே” என்று ஓட்டிப் போய் எஞ்சின் பிடித்துக்கொண்டால் அந்தச் செலவு உங்களுடையது. பழுது பார்க்காமல் ஓட்டி அதிகமான சேதம் உரிமையாளர் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கிறது. ரெக்கவரி வண்டி பாலிசியோடு இலவசமாக வருகிறதா என்று பாருங்கள், பலருக்கு இருப்பதே தெரியாது.

என் பம்பர் கதை: கிளெய்ம் போடவில்லை. நம்பர் பிளேட் விளக்கு புதுப்பேட்டையில் கிடைத்தது. பம்பரை இறக்கிப் பார்த்த டிங்கரிங் அண்ணன், உடைந்த கிளிப்புக்குப் பதில் இரண்டு ஓட்டை போட்டு கேபிள் டை கட்டி இறுக்கிவிட்டார். “வருஷத்துக்குத் தாங்கும் சார்” என்றார். டிக்கி ரப்பரில் இறங்கிய மீன் வாடை போகத்தான் மூன்று வாரம் ஆயிற்று.